பத்தாவது ஆல்பத்துக்கு முன்னால் போட்ட கோடு

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் தன் ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை அறிவித்தபோது அதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது, இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. 2025 மே மாதம் புடாபெஸ்ட்டில் தொடங்கிய அந்தப் பயணத்தில் முதல் ஒன்பது ஸ்டுடியோ ஆல்பங்களிலிருந்து மட்டும்தான் பாட்டுகள் என்று சொல்லிவிட்டார்கள். 1980இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆரம்பித்து 1992இன் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ வரை. கூட்டம் கேட்க விரும்பும் பாட்டுகளில் முக்கால்வாசி அந்தப் பன்னிரண்டு வருடங்களில் வந்தவை, அதனால் முடிவில் குறை சொல்ல எதுவும் இல்லை. ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ மாதிரி எல்லோருக்கும் பிடித்த பிந்தைய ஆல்பங்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் போயின. ஆனால் அந்தக் கோடு விழுந்த இடம் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ ஆல்பத்துக்குச் சரியாக ஒரு படி முன்னால். பத்தாவது ஆல்பம் அது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் போன பிறகு பிளேஸ் பெய்லி பாடிய முதல் ஆல்பம். அறிவிப்பு வந்த அன்று எனக்குத் தெரிந்த மெய்டன் ரசிகர்களில் ஒருவர்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மற்ற ஆல்பங்கள் விட்டுப்போனதற்கு வருத்தப்பட்டவர்கள் உண்டு. இதற்கு யாரும் இல்லை.

பிளேஸ் காலத்தைப் பற்றி ரசிகர்கள் நடுவில் ஒரு தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. கொஞ்சம் கடுமையானவர்கள் அவர் பாடிய ‘எக்ஸ் ஃபேக்டர்’, ‘வர்ச்சுவல் இலெவன்’ இரண்டு ஆல்பங்களையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கனிவானவர்கள், “பாட்டெல்லாம் நல்ல பாட்டுதான், பாடின ஆள்தான் சரியில்லை” என்பார்கள். கடுமையானவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கனிவான தீர்ப்புதான் என்னைத் தூங்க விடாது. ஏனென்றால், ‘எக்ஸ் ஃபேக்டர்’ அளவுக்குப் பாட்டுக்கும் குரலுக்கும் பொருத்தம் விழுந்த ஆல்பம் மெய்டனிடம் வேறு ஒன்று இல்லை என்று நான் நம்புகிறேன். புரூஸ் பாடியவை உட்பட.

2007 மார்ச் 17 அன்று பெங்களூரு பேலஸ் மைதானத்தில் மெய்டன் வாசித்தபோது சென்னையிலிருந்து எத்தனையோ பேர் ரயில் ஏறிப் போனோம். அந்த இரவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். திரும்பி வரும்போது தொண்டை கட்டிப்போன குரல்களோடு பெட்டியில் உட்கார்ந்து, எந்தப் பாட்டு விட்டுப்போயிற்று என்று பேசிக்கொண்டே வந்தோம். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். என் முறை வந்தபோது ‘எக்ஸ் ஃபேக்டர்’ ஆல்பத்தின் ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ என்றேன். பிளேஸ் போய்ப் புரூஸ் திரும்பி வந்த பிறகு, 2001இல் ரியோ மேடையில் அவரும் அதைப் பாடியிருந்தார். எதிரே இருந்த நண்பன் உடனே, “புரூஸ் பாடின வெர்ஷன்தானே மச்சான்? அப்ப ஓகே” என்றான். இல்லை, பிளேஸ் பாடியதுதான் எனக்கு அசல் என்றேன். “டேய், அதை டெமோன்னு நினைச்சுக்கோடா. ரியோவில பாடினதுதான் பாட்டு.” பெட்டியில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். அன்று என்னால் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏ பக்கம், பி பக்கம்

‘எக்ஸ் ஃபேக்டர்’ எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு சி-90 கேசட்டில். அந்த ஆல்பம் சுமார் 71 நிமிடம். முதல் ஏழு பாட்டுகள் ஏ பக்கத்தின் 45 நிமிடத்துக்குள் மயிரிழையில் அடங்கிவிடும். ஏழாவது பாட்டான ‘ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்’ முடிவதற்கும் டேப் தீர்ந்து ‘டக்’கென்று பட்டன் மேலே எழுவதற்கும் நடுவில் சில நொடிகள்தான் இருக்கும். அதனால் அந்த ஏழு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்பது பழக்கமாகிவிட்டது. பிறகு கேசட்டைத் திருப்பிப் போடுவதற்கு ஒரு சின்ன இடைவெளி. எழுபது நிமிடம் வெளிச்சமே படாத இந்த ஆல்பத்துக்கு அப்படி ஓர் இடைவெளி தேவை. சிடியில் ஒரேயடியாகக் கேட்டுவிட்டு ‘இழுவை’ என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஏழாவது பாட்டில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள் என்பதுதான்.

ஆரம்பமே மெய்டன் வழக்கத்துக்கு மாறானது. அதற்கு முந்தைய ஆல்பங்களில் பெரும்பாலும் முதல் பாட்டு வேகமாக, கதவை உடைத்துக்கொண்டு வரும். இதில் பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ முதல் பாட்டு. துறவிகள் ஓதுவது போன்ற குரல்கள் கேட்கும். அப்புறம் அடங்கிய பேஸ், அதன் மேல் தரையோடு தவழ்ந்து வரும் பிளேஸின் குரல். இருட்டில் அங்கி போர்த்திய பதினொரு பேர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் குரல் அது. கிட்டார்கள் கனமாக இறங்கிய பிறகும் அந்தக் குரல் அவற்றுக்கு மேலே ஏறி நிற்பதில்லை. அவற்றோடு சேர்ந்து அமுங்கியபடியே போகிறது. முதல் தடவை கேட்கும்போது மெய்டன் கேட்டு வளர்ந்த காது இதற்கு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். புரூஸின் குரல் எப்போதும் மேலே இருந்து சைரன் மாதிரி வரும், இங்கே அந்த உயரமே இல்லை.

ஆனால் மெய்டனின் பேஸ் கலைஞரும் முதன்மைப் பாடலாசிரியருமான ஸ்டீவ் ஹாரிஸ் அந்தச் சமயம் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று பாருங்கள். மணவாழ்க்கை முறிந்திருந்தது. இசைக்குழுவின் முகமாக இருந்த புரூஸ் 1993 ஆகஸ்டில் கடைசி நிகழ்ச்சியைப் பாடிவிட்டு வெளியேறியிருந்தார். ‘கில்லர்ஸ்’ தொடங்கி ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ வரை ஒவ்வொரு ஸ்டுடியோ ஆல்பத்தையும் தயாரித்த மார்ட்டின் பர்ச் ஓய்வு பெற்றிருந்தார். எசெக்ஸில் தன் வீட்டிலேயே இருந்த பார்ன்யார்ட் ஸ்டுடியோவில், நைஜல் கிரீனோடு சேர்ந்து ஹாரிஸே தயாரித்த ஆல்பம் இது. அட்டையைக்கூட பழைய மெய்டன் அட்டைகளை வரைந்த டெரெக் ரிக்ஸ் வரையவில்லை. மெய்டன் அட்டைகளில் எப்போதும் வரும் பூத உருவம் எடி. இதில் ஹியூ சைம் செய்த எடி, உயிரோடு கருவிகளுக்கு நடுவில் கட்டிவைத்து அறுக்கப்படுகிறான். பார்க்கவே சங்கடமாக இருக்கும், திருப்பிப் போட்டு வைத்துக்கொள்ள இன்னொரு படமும் கொடுத்திருந்தார்கள். பதினொரு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மனிதன்தான் திரும்பத் திரும்ப வருகிறான், உடைந்துகொண்டிருக்கும் ஒருவன். ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’ பாட்டில் போர் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டும் தூக்கம் வராத சிப்பாய். காலம் ஆற்றிவிடும் என்று எல்லோரும் அவனுக்குச் சொல்கிறார்கள், அவனுக்கு ஒன்றும் ஆறவில்லை. ‘ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்’ பாட்டில் சாகலாமா என்று பலமுறை நினைத்தவன், அது எளிய வழி, வாழ்ந்து தொலைப்பதுதான் கடினம் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். இது ஹாரிஸ் தனியாக எழுதியது. பின்னால் நாம் அறியும் அவர் நிலைமையோடு சேர்த்துக் கேட்டால் நெஞ்சை அழுத்தும்.

எனக்கு மிக நெருக்கமானது பத்தாவதாக வரும் ‘டூ ஏ.எம்.’ ரசிகர்கள் பட்டியல் போடும்போது கடைசிக்கு முந்தின இடத்தில் போடும் பாட்டு. ஒருவன் வேலை முடிந்து இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறான். ஒரு பீர், டிவி, எதற்கு இங்கே இருக்கிறோம் என்ற யோசனை. பாட்டில் இதற்கு மேல் சம்பவம் என்று எதுவும் இல்லை. மெய்டனின் பாட்டுகளில் பார்வோன்கள் வருவார்கள், இக்காரஸ் வருவான், நடுக்கடலில் தாகத்தில் தவிக்கும் மாலுமி வருவான். ஷிஃப்ட் முடிந்து வரும் ஆள் வருவது அபூர்வம். பெய்லி, கிட்டார் கலைஞர் யானிக் கெர்ஸ், ஹாரிஸ் மூன்று பேரும் சேர்ந்து எழுதியது. அதில் பிளேஸ் கோரஸில் மேலே போக முயற்சி செய்வார். போகும்போது குரலின் விளிம்பு கொஞ்சம் கரகரக்கும், சுரம் நேராக நிற்காமல் ஒரு நூல் சாயும். இதைத்தான் ‘பாடத் தெரியவில்லை’ என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கோ பாட்டின் உயிரே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. விடிகாலை இரண்டு மணிக்குச் சோர்ந்து உட்கார்ந்திருப்பவன் ஓப்பரா மாதிரி பாடினால் நான் எப்படி நம்புவேன்?

யாருடைய கட்டைக்கு

சரி, அப்படியென்றால் மேடையில் அவர் தடுமாறியதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். தடுமாறினார், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து நேரடிப் பதிவுகளைக் கேட்டாலே தெரியும். ஆனால் எந்தப் பாட்டுகளில் தடுமாறினார் என்று பிரித்துக் கேட்க வேண்டும். ‘தி ட்ரூப்பர்’, ‘தி ஈவில் தட் மென் டூ’, ‘ஹாலோவ்ட் பி தை நேம்’ எல்லாம் புரூஸின் தொண்டைக்கென்றே எழுதியவை. பிளேஸின் குரல் இயல்பாகவே கீழ் ஸ்தாயியில் நிற்கும் பாரிடோன். நம் ஊர்க் கச்சேரியில் பாடகர் என்ன கட்டையோ அதற்குத்தான் தம்பூராவும் வயலினும் மிருதங்கமும் சுருதி சேரும். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஒருவரை உட்காரவைத்து இன்னொருவரின் நாலரைக் கட்டைக்குப் பாடு என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவருக்குச் சங்கீதம் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போவதுமில்லை. மெய்டன் அதைத்தான் செய்தது. கிட்டார்களின் சுருதியை அரைக்கட்டைகூட இறக்கவில்லை, பழைய பாட்டுகளைப் பழைய இடத்திலேயே வாசித்தார்கள், அவர் வருடக்கணக்காக ஊர் ஊராகக் கத்த வேண்டியிருந்தது. 1998இல் அவர் தொண்டை ஒத்துழைக்காமல் நிகழ்ச்சிகள் ரத்தானபோது அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது?

இதே மேடைப் பதிவுகளில் ‘அஃப்ரெய்ட் டு ஷூட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ வரும் இடத்துக்குப் போங்கள். அதுவும் புரூஸின் பாட்டுதான், 1992 ஆல்பத்தில் வந்தது. ஆனால் வளைகுடாப் போருக்குப் போகும் சிப்பாயின் தயக்கத்தை முணுமுணுப்பாகச் சொல்லும் முதல் பாதி பிளேஸுக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. முன்முடிவு இல்லாமல் கேட்கிற எவரும் அதில் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. ஆள் மாறவில்லை, மேடை மாறவில்லை, பாட்டின் இடம்தான் கீழே இறங்கியது.

ரியோவில் என்ன நடந்தது

இப்போது அந்த ரயில் பெட்டி வாதத்துக்கு வருகிறேன். 1999இல் புரூஸும் பழைய கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்தார்கள், 2000இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ வந்தது, 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவில் ஒரு கடலே திரண்டு வந்த மைதானத்தில் வாசித்தார்கள். அந்த நேரடி ஆல்பத்தில் பிளேஸ் காலத்து இரண்டு பாட்டுகளைப் புரூஸ் பாடுகிறார்: ‘சைன் ஆஃப் தி கிராஸ்’, ‘தி கிளான்ஸ்மேன்’. பிளேஸ் பற்றிய தீர்ப்பு அன்றைக்கு முத்திரை குத்தப்பட்டது. பாருங்கள், பாட்டு எவ்வளவு பிரமாதம், சரியான ஆள் பாடினால் எப்படி இருக்கிறது என்றார்கள்.

நானும் அதை ஹெட்ஃபோனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மூன்று கிட்டார்கள், நிக்கோ மெக்பிரெய்னின் டிரம்ஸ் ஸ்டுடியோ பதிவில் இருந்ததைவிட இரண்டு மடங்கு உயிரோடு இருக்கும். நடுவில் வரும் நீண்ட கிட்டார் பகுதியில் கூட்டம் மெட்டை வாயாலேயே பாடும், உடம்பு சிலிர்க்கும். புரூஸ் கோரஸுக்கு வரும்போது குரல் மேலே எழும்பி மைதானம் முழுவதும் பரவும். அதில் பிழை என்று எதுவுமில்லை. ஆனால் ஒருநாள் ரியோ பதிவு முடிந்த கையோடு பழைய ஸ்டுடியோ பதிவைப் போட்டேன். கீழ்க்குரலில் ஆரம்பிக்கும் அந்த முதல் சில வரிகளிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புரூஸ் பாடும்போது சிலுவையைக் கையில் ஏந்தி நிற்பவன் பாடுகிறான். பிளேஸ் பாடும்போது அந்தச் சிலுவைக்கு முன்னால் இழுத்து வரப்பட்டவன் பாடுகிறான். பாட்டின் சொற்கள் இரண்டாமவனுடையவை. விசாரிக்கப்படுபவன், தன் நம்பிக்கை தன்னைக் காப்பாற்றுமா என்று தெரியாதவன். புரூஸின் குரலில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. அவர் வாயைத் திறந்த உடனே அந்த மனிதன் ஜெயித்துவிடுகிறான். பதினொரு நிமிடமும் பிரம்மாண்டமாக இருக்கிறது, பயம் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

அதன் பிறகு ‘கிளான்ஸ்மேன்’ பாட்டையும் அதே மாதிரி ஒப்பிட்டேன். அங்கே கதை நேர் எதிர், அதையும் சொல்லிவிட வேண்டும். அது விடுதலைக்காக எழுந்து நிற்கும் ஸ்காட்லாந்துக்காரனின் பாட்டு. சுதந்திரம் என்று கத்தும் இடத்தில் வானம் பிளக்க வேண்டும். பிளேஸ் பாடியதில் பிளக்கவில்லை, புரூஸ் பாடியதில் பிளந்தது. வெற்றியைப் பாட வேண்டிய இடத்தில் புரூஸை விட்டால் ஆள் இல்லை. இந்த இரண்டு பாட்டுகளையும் ஒரே கூடையில் போட்டு ‘புரூஸ் பாடியது மேல்’ என்று முடித்துவிட்டதுதான் அந்தத் தீர்ப்பின் கோளாறு. 2018இல் தொடங்கிய ‘லெகசி ஆஃப் தி பீஸ்ட்’ பயணத்திலும் இந்த இரண்டையுமே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’, ‘ஜட்ஜ்மென்ட் ஆஃப் ஹெவன்’ பக்கம் அவர்கள் போகவே இல்லை. புரூஸுக்கே அவை தன் பாட்டுகள் இல்லை என்று தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

முதல் உலகப் போரை வைத்து மெய்டனிடம் இரண்டு நல்ல பாட்டுகள் இருக்கின்றன. 2003இல் புரூஸ் பாடிய ‘பாஷன்டேல்’, இந்த ஆல்பத்தின் ‘தி ஆஃப்டர்மேத்’. முதலாவது மகத்தான பாட்டு, எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதில் புரூஸ் போர்க்களம் முழுவதையும் மேலே இருந்து பார்த்துச் சொல்கிறார். ‘ஆஃப்டர்மேத்’ பாட்டில் பிளேஸ் சேற்றுக்குள் நிற்கிறார். எல்லாம் முடிந்த பிறகு இதற்கெல்லாம் யார் ஜெயித்தது என்று கேட்பவனுக்குக் களம் முழுவதும் தெரியாது, தன் காலடி மட்டும்தான் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை

‘எக்ஸ் ஃபேக்டர்’ ஒலிப்பதிவு வறண்டது. கிட்டார்களில் சதை இல்லை, டிரம்ஸ் பக்கத்து அறையில் அடிப்பது போல இருக்கும். பர்ச் இருந்திருந்தால் இந்த ஆல்பத்தின் தலையெழுத்தே மாறியிருக்கும். மெதுவாக ஆரம்பித்து நடுவில் வேகமெடுத்து மறுபடி மெதுவாக முடியும் அச்சில் பாட்டுக்குப் பாட்டு வருவதும் உண்மை. ‘லுக் ஃபார் தி ட்ரூத்’ இல்லாவிட்டால் ஆல்பத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ‘பிளட் ஆன் தி வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ்’ பாட்டின் ஆரம்பத்தில் வரும் தனி பேஸ் வாசிப்பு அழகுதான், பாட்டோடுதான் ஒட்டவில்லை. இவற்றில் எதற்கும் பாடகர் பொறுப்பில்லை. ஆனால் முந்தைய ஆல்பம் பிரிட்டனில் முதல் இடம் பிடித்து இது எட்டாவது இடத்தோடு நின்றபோது, பழியை ஏற்க வசதியாக ஒரு புது ஆள் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

1998இன் ‘வர்ச்சுவல் இலெவன்’ பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ‘தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்’ பாட்டு ஒரே கோரஸைச் சுற்றிச் சுற்றி வந்து கிட்டத்தட்ட பத்து நிமிடத்தைத் தின்கிறது, அதை எழுதியவர் ஹாரிஸ்தான், யார் பாடியிருந்தாலும் தேறியிருக்காது. அந்த ஆல்பத்தில் நான் திரும்பிப் போவது கடைசிப் பாட்டான ‘கோமோ எஸ்தாயிஸ் அமிகோஸ்’ பக்கம் மட்டும்தான். கெர்ஸும் பெய்லியும் எழுதியது, ஃபாக்லாந்து போரில் இறந்த இரண்டு பக்கத்தவருக்குமான அஞ்சலி. ஓர் ஆங்கிலேயர் அர்ஜென்டினாக்காரனை ‘நண்பர்களே’ என்று அவன் மொழியிலேயே கூப்பிடும் பாட்டு. தன் குரலின் எல்லையைத் தெரிந்து எழுதினால் பிளேஸால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மெய்டனிலிருந்து விலக்கப்பட்ட அடுத்த வருடமே, 2000இல், தன் சொந்தக் குழுவோடு ‘சிலிக்கான் மெசையா’ ஆல்பத்தை வெளியிட்டார். அதில் கிட்டார்கள் அவருக்காக இறங்கி வந்திருக்கின்றன, அவரும் தன் இடத்தில் நின்று முழுக் குரலில் பாடுகிறார். ‘பாடத் தெரியாதவர்’ என்று சொல்பவர்களுக்கு முதலில் அந்த ஆல்பத்தைக் கேட்கக் கொடுப்பேன். 2023இல் மாரடைப்பு வந்து இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து தேறி மறுபடி மேடைக்கு வந்துவிட்டார். அரங்குகள் சின்னவைதான். மெய்டன் தொடாமல் விட்ட இந்தப் பாட்டுகளை அவர்தான் இன்னும் மேடையில் உயிரோடு வைத்திருக்கிறார்.

இதுவரை அந்த ஆல்பத்தைத் தாண்டிப் போனவர்கள் ‘மேன் ஆன் தி எட்ஜ்’ பாட்டில் ஆரம்பிக்க வேண்டாம். அது வேகமான பாட்டு, நல்ல பாட்டு, ஆனால் பழைய மெய்டனை நினைவூட்டி உங்களைத் தப்பான எதிர்பார்ப்போடு உள்ளே அனுப்பிவிடும். ‘ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார்’ பாட்டில் ஆரம்பியுங்கள். அப்புறம் ‘தி எட்ஜ் ஆஃப் டார்க்னெஸ்’, ‘டூ ஏ.எம்.’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரியோ பதிவை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அதை ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டு இதைக் கேட்டால் நல்லது.